சைக்கிளுக்கு எதற்கு லாக் புக்?

அரசு அலுவலகத்தில் ஜீப் இருந்தால் அதற்கு ஒரு லாக் புக் இருக்கும். புறப்பட்ட நேரம், அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர், திரும்பிய நேரம், திரும்பியபோது கிலோமீட்டர், போன காரியம், போட்ட டீசல், கடைசியில் பயணம் செய்த அதிகாரியின் கையெழுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் பதிவேடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம் இதுதான்: பதிவேடு எழுதப்படுவது அங்கே இல்லாதவருக்காக. ஜீப்பில் உட்கார்ந்து போன அதிகாரிக்கு லாக் புக் வேண்டாம். எங்கே போனோம் என்று அவருக்கே தெரியும். ஆடிட்டருக்குத்தான் வேண்டும். அவர் கூட வரவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்.

இன்று நம் ஊர்ப் பக்கம் ஆசைக்குச் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் இந்த லாக் புக்கைத் தாங்களாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த மேலதிகாரியும் கேட்கவில்லை. எந்த ஆடிட்டரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஒரு மீட்டர் விடாமல் கணக்கு எழுதுகிறார்கள். அதனால் சைக்கிளில் இருக்கிற சுகம் போய்விட்டது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் கோபப்படலாம், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

விஷயம் தெரியாத என் வயதுக்காரர்களுக்காக முதலில் விளக்கிவிடுகிறேன். ஸ்ட்ராவா என்று ஓர் ஆப். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கியது. பெயர் ஸ்வீடிஷ் மொழிச் சொல். பாடுபடு, முயற்சி செய் என்று பொருள். 2022-இல் அதில் சேர்ந்தவர்கள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டார்கள். இதே மாதிரி வேறு ஆப்களும் உண்டு. சைக்கிளில் ஏறும்போது செல்லிலோ கைக்கடிகாரத்திலோ ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். செயற்கைக்கோள் சிக்னலை வைத்துக்கொண்டு, நீங்கள் போகிற வழியை அது வரைபடத்தில் கோடாகப் போட்டுக்கொண்டே வரும். எத்தனை கிலோமீட்டர், சராசரி வேகம் என்ன, எத்தனை மீட்டர் ஏற்றம், மார்பில் பட்டை கட்டியிருந்தால் நாடித் துடிப்பு எத்தனை, எல்லாம் எழுதிவிடும். வீட்டுக்கு வந்ததும் அது ஊருக்குத் தெரிய வரும். கூட்டாளிகள் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அதோடு நின்றால் பரவாயில்லை. ரோட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தரவரிசை வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை யார் சீக்கிரம் கடந்தாரோ அவருக்குக் கிரீடம். பட்டத்தின் பெயர் மலையரசன். குன்று என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லாத நம் அரியாங்குப்பத்தில், ஆற்றுப் பாலத்து ஏற்றத்துக்குக்கூட மலையரசன் பட்டம் வைத்துக்கொள்ளலாம். சைக்கிள்காரர்களிடையே உலகம் முழுக்க ஒரு வசனம் உலவுகிறது: ஆப்பில் ஏறவில்லை என்றால் அந்தச் சவாரி நடக்கவே இல்லை. கேலியாகச் சொல்ல ஆரம்பித்தது. இப்போது கேலி யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடலூர் ரோட்டில் நின்று பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக வருவார்கள். நல்ல சைக்கிள், நல்ல ஹெல்மெட். எனக்குச் சந்தோஷம்தான்; காரில் ஜிம்முக்குப் போய் நின்ற இடத்தில் சைக்கிள் மிதிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவர்கள் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஹேண்டில்பாரில் பொருத்திய சின்னத் திரையில். டீக்கடையில் இறங்கினால் முதல் வேலை செல்லை எடுப்பது. நம் காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், நடவு முடிந்ததா என்று பேச்சு ஓடும். இவர்கள் பேச்சு, “உனக்கு எவ்வளவு காட்டுது? எனக்கு ரெண்டு கிலோமீட்டர் கம்மியா காட்டுதே!” பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி வந்த இருவர், எவ்வளவு தூரம் வந்தோம் என்று சண்டை போடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர். நல்ல பிள்ளை, பெரியவர்களைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். ஒரு நாள் காலை, வியர்த்து விறுவிறுத்து வந்தவர், வீட்டு வாசலைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டிப் போனார். வீட்டை மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். “இல்ல சார், நாப்பத்தொன்பது புள்ளி மூணு ஆகுது. அம்பது ஆக்கிட்டு உள்ள போறேன்” என்றார். அவர் அம்மா இட்லியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அந்த 700 மீட்டரில் அவருக்குக் கிடைத்த காற்று என்ன, காட்சி என்ன? எங்கள் தெருச் சாக்கடை மூடி ஆறு தடவை. ஐம்பது என்கிற எண்ணுக்கு அவர் செலுத்திய கப்பம் அது.

இது வேடிக்கை. வேடிக்கை இல்லாத ஒன்றும் சொல்கிறேன். என் பேரனுக்குப் பதினாறு வயதில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். முதல் மாதம் வீட்டில் தங்கவே மாட்டான். சுண்ணாம்பாற்றில் படகு பார்த்தேன், பாகூர் ஏரிக்கரையில் ஏதோ ஒரு பறவை பார்த்தேன் என்று வந்து சொல்வான். பிறகு யாரோ சிநேகிதன் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். எந்த ஆப் என்பது முக்கியமில்லை. அதற்குப் பிறகு பறவை வரவில்லை, எண்தான் வந்தது. “இன்னைக்கு இருபத்தாறு ஆவரேஜ் தாத்தா.” ஒரு நாள் பாதி வழியில் செல்லில் சார்ஜ் போய்விட்டது. “இன்னைக்கு ரைடே வேஸ்ட்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கால் மிதித்தது, காற்று அடித்தது, போய்ச் சேர்ந்தான், திரும்பி வந்தான், எல்லாம் வேஸ்ட். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் பத்து நாள் படுத்தான். எழுந்து ஓட்டினால் எண் இறங்கிவிட்டது. அவனைவிடச் சின்னப் பையன் ஒருவன் வரிசையில் மேலே போய்விட்டான். இவன் சைக்கிளை நிறுத்தினான். இன்றும் அது மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கிறது. ஆப் இல்லாமலேயே நின்றிருக்கும் என்று என் மகன் வாதாடுகிறான். இருக்கலாம். ஆனால் பாகூர்ப் பறவை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும்.

எதிர்க்கட்சியின் முதல் வாதம்: அளந்தால்தான் ஊக்கம் வரும். சரி, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டன் எட்கின் என்பவர் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். படத்துக்கு வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது என்று மனிதர்கள் ஆசையாகச் செய்கிற காரியங்களை எடுத்துக்கொண்டார். எவ்வளவு செய்தோம் என்று அளந்து காட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். அதுவரை ஊக்கக் கட்சிக்கு வெற்றி. ஆனால் குறைவாக ரசித்தார்கள். பிற்பாடு அதைத் தொடர்ந்து செய்கிற ஆர்வமும் குறைந்தது. அளவு வந்ததும் விளையாட்டு வேலை மாதிரி ஆகிவிடுகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நிற்கிற சைக்கிளைப் பார்த்து எழுதினாரோ என்று எனக்குத் தோன்றியது.

எண் ஒன்றை இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்று அரசு ஊழியனுக்குப் பாடம் நடத்த வேண்டாம். மரக்கன்று நடும் திட்டம் வரும். இத்தனை ஆயிரம் கன்று என்று இலக்கு வரும். மார்ச் மாதத்துக்குள் அத்தனை கன்றும் காகிதத்தில் நடப்பட்டிருக்கும். மரம் எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்பதற்குப் பத்தி இல்லை. ஆப் விஷயத்திலும் அதே கதை நடந்திருக்கிறது. 2024-இல் இந்தோனேசியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் கணக்கில், உங்களுக்குப் பதிலாக ஓடிக்கொடுக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கிறார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ரேட். அலுவலகத்தில் வராதவருக்குக் கையெழுத்துப் போடுவது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே சம்பளமாவது வந்தது. காசு கொடுத்து, தன் சுகத்தை அடுத்தவன் அனுபவிக்கட்டும் என்று விடுகிறவனை என்ன சொல்வது? பதிவேடு சரியாக இருக்கிறது. ஆள் அங்கே இல்லை.

இதில் உயிரும் போயிருக்கிறது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒருவர் மலைச் சரிவில் வேகமாக இறங்கும்போது காரில் மோதி இறந்தார். அந்தத் துண்டு ரோட்டில் அவர் வைத்திருந்த சாதனையை வேறொருவர் முறியடித்திருந்தார். அதை மீட்கப் போனார் என்று குடும்பத்தார் ஸ்ட்ராவா மீது வழக்குப் போட்டார்கள். 2013-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஓட்டியவர் பொறுப்பு ஓட்டியவருக்குத்தான். ஆனால் பெற்ற பிள்ளையைக் கடலூர் ரோட்டில் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்தச் செய்தியை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸும் டிப்பரும் போகிற ரோட்டில் ஒரு நொடி திரையைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது வாதம்: சைக்கிள் பிறந்ததிலிருந்தே கணக்கும் இருக்கிறது. உண்மை. 1893-இல் பாரிஸில் ஆன்ரி தெக்ராஞ்ஜ் என்பவர் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. ஓட்டினார். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்தான் பிறகு 1903-இல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கினார். பந்தயக்காரனுக்கு எண் வேண்டும். அது அவன் தொழில். பாகூர் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிற பாங்கு ஊழியருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினீயருக்கும் எதற்கு? இவர்கள் பந்தயத்தில் இல்லை. இல்லாத பந்தயத்தில் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே பிரான்ஸில், அதே காலத்தில், வேறொரு மனிதரும் இருந்தார். போல் தெ விவி என்று பெயர். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். சேந்த்-எத்தியேன் ஊர்க்காரர். 1853-இல் பிறந்து 1930-இல் மறைந்தார். சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். மலை ஏற வசதியாகக் கியர் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறவர், சோம்பேறி அல்ல. அவர் சைக்கிள்காரர்களுக்கு ஏழு கட்டளைகள் கொடுத்தார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, உடம்பை வதைக்காதே என்ற ரீதியில் போகும். ஏழாவதும் கடைசியுமானது, ஆமூர்-ப்ரோப்ருக்காக மிதிக்காதே என்பது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கும். தற்பெருமை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். ரூசோ இரண்டு சொற்களைப் பிரித்து வைத்தார். ஆமூர் தெ சுவா என்றால் தன்னைப் பேணிக்கொள்ளும் இயல்பான அன்பு. பசித்தால் சாப்பிடுவது மாதிரி, அதற்கு அடுத்தவன் பார்க்க வேண்டியதில்லை. ஆமூர்-ப்ரோப்ர் என்றால் அடுத்தவன் கண்ணில் நான் எவ்வளவு உயரம் என்கிற ஓயாத அரிப்பு. உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்று சைக்கிள் ஏறுகிற பிள்ளை முதல் வகையில் புறப்படுகிறான். ஆப் அவனை இரண்டாவது வகையில் கொண்டுவந்து இறக்குகிறது. செல்போன் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே வெலோசியோ இந்த வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

கணக்கை அளவோடு வைக்க முடியும் என்பதற்கும் பிரான்ஸிலேயே உதாரணம் உண்டு. பாரிஸில் 1904-இல் தொடங்கிய ஓடாக்ஸ் க்ளப் பாரிசியன், 1921-லிருந்து ப்ரவே என்ற நெடுந்தூரச் சவாரிகளை நடத்துகிறது. நம் ஊரில் ப்ரவே என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை. அங்கே 200, 300, 400, 600 கி.மீ. சவாரி. இன்று இந்தியாவிலும் நடக்கிறது, சென்னைக்காரர்கள் ஈ.சி.ஆர். ரோட்டில் ஓட்டுகிறார்கள். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பாரிஸிலிருந்து ப்ரெஸ்த் வரை போய்த் திரும்பும் 1200 கி.மீ. சவாரிக்கு நம்மவர்களும் போய் வருகிறார்கள், 2023-இலும் போனார்கள். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம். கையில் ஓர் அட்டை, வழியில் குறித்த இடங்களில் முத்திரை. முடித்தவர் எல்லாரும் முடித்தவர். முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. முத்திரை போடும் இடம் குறித்த நேரத்துக்கு முன் திறக்காது. மணிக்கு 34 கி.மீ. என்ற கணக்கைவிட வேகமாக வந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ரொம்ப அவசரப்படாதே என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்த அட்டையை ஏன் எழுதுகிறார்கள்? சங்கத்தார் கூட வரவில்லை, அதனால் சான்று கேட்கிறார்கள். நியாயமான லாக் புக்.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கொஞ்சம் நெருடியது: ஞாபகத்துக்காகப் பதிவு செய்கிறோம் என்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்த மண்ணில்லை என்றாலும் வாழ்ந்து எழுதிய மண் இது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவரின் ஊர்க்காரன், எழுதி வைக்காதே என்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. ஆனால் பிள்ளை என்ன எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன பேசினார்கள், எத்தனை பீரங்கி போட்டார்கள், விலைவாசி என்ன, ஊரில் என்ன வதந்தி. தான் வீட்டிலிருந்து கோட்டைக்கு எத்தனை நிமிஷத்தில் போனேன் என்றா எழுதினார்? வெலோசியோவும் தன் பயணங்களைப் பத்திரிகையில் எழுதினவர்தான். கண் திறந்திருந்தவர்கள் எழுதிய பதிவு அவை. இந்த ஆப்பில் ஒரு வருஷத்துச் சவாரியைத் திறந்து பாருங்கள். நீலமோ சிவப்போ ஒரு கோடு, நாலு எண். நம் காக்காயன்தோப்புப் பக்கம் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வணிகம் நடந்த இடம் என்று உலகத்துக்குக் காட்டிய மேடு. அதைத் தாண்டித் தினமும் வீராம்பட்டினம் வரை ஓட்டுகிறவரிடம் கேட்டேன், பார்த்திருக்கிறீர்களா என்று. அந்தத் துண்டில் ரோடு மோசம், வேகம் குறைகிறது என்றார்.

நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். இருதய ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை உள்ளவர், இன்றைக்கு எவ்வளவு ஓட்டினேன், நாடி எவ்வளவு என்று டாக்டருக்குக் காட்டட்டும். டாக்டர் கூட வரவில்லை. அவருக்குப் பதிவேடு வேண்டும். விடியற்காலையில் தனியாகப் போகிற பெண், தான் எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டுக்குத் தெரியப்படுத்தட்டும். வீட்டார் கூட வரவில்லை. இவையெல்லாம் என் தத்துவத்துக்குள் அடங்கியவை. ஆனால் ஊருக்கெல்லாம் தெரியப்படுத்துவது வேறு. 2018-இல் இந்த ஆப்பின் உலக வரைபடத்தை வைத்து, பாலைவனத்தில் இருந்த அமெரிக்க ராணுவ முகாம்களையே கண்டுபிடித்தார்கள். சிப்பாய்கள் ஓடிய தடம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2024-இல் லெ மோந்த் பத்திரிகை, பிரெஞ்சு ஜனாதிபதியின் மெய்க்காவலர்கள் பதிந்த ஓட்டத்தை வைத்தே ஜனாதிபதி எங்கே தங்குகிறார் என்று எழுதியது. ஜனாதிபதிக்கே இந்த நிலை. உங்கள் பிள்ளை தினமும் எத்தனை மணிக்கு, எந்த வாசலிலிருந்து புறப்படுகிறான் என்பது எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும்?

எங்கள் காலத்தில் வாடகை சைக்கிள் கடைக்காரர் நோட்டில் நேரம் எழுதுவார். அவருக்குக் காசு வர வேண்டும், அவர் எழுதினார். ஒரு மணி நேரம் முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்ற பதைப்பும் இருந்தது. சொந்தச் சைக்கிள் வாங்கியபோது கிடைத்த முதல் சந்தோஷம் என்ன தெரியுமா? அந்த நோட்டிலிருந்து விடுதலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றார்கள். யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல் ஓர் இடத்துக்குப் போய் வரலாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. சைக்கிளின் முழு மகிமையும் அதில் இருக்கிறது: யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத வண்டி அது.

எங்கே போயிருந்தாய் என்று அப்பா கேட்டால் நாம் சொன்ன பதில் ஒரே சொல்: சும்மா. சும்மா ஒரு சுற்று. அந்தச் சொல்லுக்குள் எவ்வளவோ இருந்தது. முருங்கப்பாக்கத்தில் ஒரு சிநேகிதன் வீடு, ஆற்றுப் பாலத்தின் மேல் அடித்த காற்று, வழியில் நின்று பார்த்த சண்டை, காரணமே இல்லாமல் திரும்பிய ஒரு சந்து. ஆப்பில் எத்தனையோ பத்திகள் வைத்திருக்கிறார்கள். சும்மா என்று ஒரு பத்தி இல்லை. வைக்கவும் முடியாது. எழுத ஆரம்பித்த உடனே அது சும்மா இல்லை.

அதனால் வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளை இருந்தால் ஆப்பை அழி என்று சொல்லாதீர்கள். நாம் சொன்னால் இன்னொன்றும் சேர்த்துப் போடுவார்கள். வாரத்தில் ஒரு நாள், செல்லை அவசரத்துக்கு மட்டும் பையில் அடியில் போட்டுக்கொண்டு போய் வரச் சொல்லுங்கள். வந்ததும் எவ்வளவு தூரம் என்று நீங்களும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டுப் பழக்கியது நாம்தான்: எத்தனை மார்க், எத்தனையாவது ரேங்க், எவ்வளவு சம்பளம். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம், ஒன்றுமில்லை என்று பதில் வரும். விடாதீர்கள். மூன்றாவது வாரம் ஒரு மீன்கொத்தியாவது வரும்.